உங்களுக்குத் தெரியுமா? கோழிக் குடலில் ஒரு குடித்தனம்

◆ ஊர்ப்புறத்தில் யாரும் 'குடற்புழு' என்று சொல்வதில்லை. 'கோழிக்குப் பூச்சி விழுந்திருக்கு, பூச்சி மருந்து குடு' என்பார்கள். குழந்தைகளின் வயிற்றில் இருப்பதை நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, நாடாப்புழு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த நாம், கோழிக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கோழிக் குடலில் குடியிருப்பவை பல வகை. ஒன்றை விரட்டும் மருந்து இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது.

◆ கோழியின் சிறுகுடலில் காணப்படும் பெரிய உருண்டைப்புழுவின் பெயர் அஸ்காரிடியா கல்லி. 'கல்லி' என்றால் லத்தீனில் 'சேவலுடைய' என்று பொருள். 1788-இல் இதை விவரித்தவர் பவேரியாவைச் சேர்ந்த ஷ்ராங்க் என்னும் பாதிரியார். செடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். பெண்புழு 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். வெள்ளையாக, வேகவைத்த சேமியா போல இருக்கும். ஒரு குஞ்சின் குடலில் இப்படி ஐம்பது, நூறு சேர்ந்தால் பாதையே அடைபட்டுப்போகும். தின்னும் இரை இறங்காமல், வயிறு மட்டும் உப்பி, குஞ்சு சாகும்.

◆ அந்தப் புழு கோழிக்குள் எப்படிப் போகிறது? எச்சத்தோடு புழுவின் முட்டை வெளியே வருகிறது. விழுந்த உடனே அதைக் கோழி கொத்தினால் ஒன்றும் ஆகாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் 10 முதல் 20 நாளில் முட்டைக்குள் இளம்புழு உருவாகிறது. அதன் பிறகு கொத்தினால்தான் ஆபத்து. உள்ளே போன இளம்புழு சில நாள் கழித்துக் குடல் சுவருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு வளர்கிறது. பிறகு வெளியே வந்து பெரிதாகி, தானும் முட்டையிடத் தொடங்குகிறது. கொத்திய நாளிலிருந்து கணக்கிட்டால் இதற்கு 5 முதல் 8 வாரம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது. கூட்டைப் பத்து நாளுக்கு ஒருமுறையாவது முழுசாக வாரிப் பெருக்கினால் ஏன் புழு குறைகிறது என்பது புரியும். மழைக்காலத்தில் ஏன் பெருகுகிறது என்பதும் புரியும். ஒருமுறை மருந்து கொடுத்துவிட்டு 'முடிந்தது' என்று உட்காரக்கூடாது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது.

◆ நாமக்கல் பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் முட்டைக்கோழியிடம் உருண்டைப்புழு அரிது. அதன் எச்சம் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிடும். அதை அது மறுபடி கொத்த வழியில்லை. நம் வீட்டு வாசலில் கிளறித் திரியும் சிறுவிடை, பெருவிடைக் கோழிகளோ தாங்கள் எச்சமிட்ட மண்ணிலேயே இரை தேடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் நாளிலிருந்து பழைய வகைக் கூண்டுகளைத் தடைசெய்தது. கோழிகள் தரைக்கு இறங்கின. அவற்றின் பின்னாலேயே புழுவும் திரும்பி வந்தது. இதைக் கூண்டுக்கு ஆதரவான வாதமாக நான் சொல்லவில்லை. திரிந்து மேய்வது கோழியின் பிறப்புரிமை. அந்த உரிமையைக் கொடுப்பவர், அது மேயும் தரையையும் கவனிக்கவேண்டும்.

◆ சீமைக்கோழி, நாட்டுக்கோழி எதுவானாலும், கோழியின் உருண்டைப்புழு மனிதருக்குத் தொற்றாது. பூச்சி விழுந்த கோழியை அறுத்துச் சமைத்தால் நம் வயிற்றில் புழு வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கூட்டை வாரிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் என்பது உண்மைதான். அது வேறு கிருமிகளுக்காக.

◆ அபூர்வமாக, உடைத்த முட்டைக்குள்ளேயே ஒரு புழு கிடக்கும். உருண்டைப்புழு சில சமயம் குடலின் கடைசி வரை வந்து, எச்சமும் முட்டையும் வெளியேறும் பொதுவாயில் வழிமாறி, முட்டைக்குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அங்கே வெள்ளைக்கருவோடு சேர்ந்து ஓட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. தின்றால் கெடுதி இல்லை. ஆனால் யார் தின்பார்கள்? விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும். அப்படி ஒரு முட்டை கிடைத்தால், மொத்தக் கூட்டுக்கும் மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

◆ கொண்டை வெளிறுவது, இறக்கை தொங்குவது, முட்டை குறைவது: இவை எல்லா நோய்க்கும் பொது. புழுவைச் சந்தேகிக்க ஒரு நல்ல வழி, கோழியைப் பிடித்து மார்பெலும்பைத் தடவிப் பார்ப்பது. இரு பக்கமும் சதை நிரம்பி இருந்தால் சரி. கத்தி முனை போல எலும்பு கையில் குத்தினால், தின்னும் தீனி வேறு யாருக்கோ போகிறது.

◆ பெரிய கோழி புழுவைத் தாங்கும், குஞ்சு தாங்காது. ஏன்?

அமெரிக்காவின் கான்சஸில் ஜேம்ஸ் ஆக்கர்ட் என்ற விலங்கியல் அறிஞர் 1920கள் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த ஒரு கேள்வியைத் துரத்தினார். குஞ்சுகளுக்கு எண்ணி எண்ணிப் புழுமுட்டை கொடுத்து, குறித்த நாளில் குடலைத் திறந்து, புழுக்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் அளந்தார். மூன்று மாதம் தாண்டிய கோழியின் குடலில் புழு சரியாக வளரவில்லை என்று கண்டார். வயது ஏற ஏற, சிறுகுடலின் முதல் பகுதியில் சளியைச் சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. அந்தச் சளியே புழுவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ரோட் ஐலண்ட் ரெட் போன்ற கனத்த இனங்கள் வெள்ளை லெகானைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன என்பதும் அவர் குழுவின் கண்டுபிடிப்பு.

அவர் சொன்ன இன்னொன்று நம் கொல்லைக்கு நேரே பொருந்தும். வைட்டமின் ஏ குறைந்த தீனி தின்ற குஞ்சுகளிடம் புழு அதிகமாகவும் நீளமாகவும் வளர்ந்தது. நம்மூரில் வைட்டமின் ஏ காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருளா? முருங்கைக்கீரை இருக்கிறது, அகத்தி இருக்கிறது. வேலியோரத்தில் ஒடிக்கும் கீரையில் ஒரு கொத்தைக் கயிற்றில் கட்டிக் கூட்டுக்குள் தொங்கவிட்டால் குஞ்சுகள் எம்பி எம்பிக் கொத்தும். நொய்யும் தவிடும் மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் மருந்துக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்துபாருங்கள்.

◆ ஆக, தாய்க்கோழி நன்றாக இருக்கிறது, குஞ்சுகள் மட்டும் நோஞ்சானாகச் சாகின்றன என்றால் குழம்பவேண்டாம். தாயின் உடம்பு புழுவை அடக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது போடும் எச்சத்தில் புழுமுட்டை வந்துகொண்டே இருக்கிறது. குஞ்சுகளைப் பழைய பெரிய கோழிகள் புழங்கிய தரையில் விடாமல், வெயில்பட்ட புது இடத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வளர்ப்பது பாதி வைத்தியம். அடைக்கோழியை உட்காரவைக்கும் முன்பே அதற்குப் புழு நீக்கிவிடுவது மீதிப் பாதி.

◆ எச்சத்தில் வேகாத அரிசி போல வெள்ளைத் துணுக்குகள் அசைகின்றனவா? அது நாடாப்புழுவின் கணுக்கள். ஒவ்வொரு கணுவும் முட்டை நிரம்பிய பை.

◆ நாடாப்புழு கோழியிலிருந்து கோழிக்கு நேராகப் பரவாது. நடுவில் இன்னொரு உயிர் வேண்டும். ராய்லெட்டினா என்ற பேரினத்தில் சில வகைகளுக்கு அந்த நடு உயிர் எறும்பு. இன்னொரு வகைக்கு வண்டு. கொல்லைக் கோழிகளிடம் காணப்படும் மற்றொரு நாடாப்புழுவுக்கு வீட்டு ஈயே போதும். எச்சத்தை மொய்க்கும் எறும்பு கணுவிலுள்ள முட்டையைத் தின்கிறது. அதன் வயிற்றுக்குள் இளம்புழு ஒரு பையில் சுருண்டு காத்திருக்கிறது. எறும்பைக் கோழி கொத்தினால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று வாரத்தில் குடலில் முழுநீள நாடாப்புழு. சில வகை 25 சென்டிமீட்டர் வரை நீளும்.

இவற்றுள் ஒன்று குடல் சுவரில் தலையைப் புதைத்த இடமெல்லாம் கடுகு போலக் கொப்புளங்களைக் கிளப்பும். கோழியை அறுத்தவர் அதைப் பார்த்துக் காசநோய் என்று நினைத்துவிடுவது உண்டு. கால்நடை மருத்துவர்களே இரண்டையும் கவனமாகப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

எறும்பையும் ஈயையும் ஒழிக்க முடியுமா? முடியாது. ஆனால் கூட்டுக்குள் எச்சம் தேங்காமல் பார்த்துக்கொண்டால் எறும்புக்கு அங்கே என்ன வேலை?

◆ கண்ணுக்குச் சட்டென்று தெரியாத 4 மில்லிமீட்டர் நாடாப்புழு ஒன்றும் உண்டு. பெயர் டாவெய்னியா. நத்தை, ஓடில்லா நத்தை வழியாக வருகிறது. நீளத்தில் கடைசி, கோழிக்குச் செய்யும் கெடுதியில் முன்வரிசை.

◆ மருந்துக் கடையில் 'கோழிக்குப் பூச்சி மருந்து' என்று கேட்டால் பெரும்பாலும் பைப்பரசின் கொடுப்பார்கள். பழைய, விலை குறைந்த, பாதுகாப்பான மருந்து. இதன் கதை சுவையானது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது யூரிக் அமிலம் தேங்கி மூட்டு வீங்கும் நோய்க்கு மருந்தாக விற்கப்பட்டது. அந்த நோய்க்குப் பெரிதாக உதவவில்லை. புழுமருந்தாக இது புழக்கத்துக்கு வந்தது 1950களில்.

பைப்பரசின் புழுவைக் கொல்வதில்லை. புழுவின் தசையைத் தளரச் செய்கிறது. குடலோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்த புழு, பிடியை விட்டு எச்சத்தோடு அடித்துச் செல்லப்படுகிறது. ஆகவே வெளியே விழும் புழு பலசமயம் உயிரோடு நெளியும். அதன் வயிறு நிறைய முட்டை. மருந்து கொடுத்த அன்றும் மறுநாளும் விழும் எச்சத்தை ஒன்றுவிடாமல் வாரிக் குழியில் போட்டு மூடவேண்டும். வாராமல் விட்டால் புழுவைக் குடலிலிருந்து தரைக்கு இடம் மாற்றியதோடு சரி.

◆ பைப்பரசினுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. அது வளர்ந்த உருண்டைப்புழுவிடம்தான் நன்றாக வேலை செய்யும். குடல் சுவருக்குள் புதைந்திருக்கும் இளம்புழுவிடம் செல்லாது. நாடாப்புழுவை அது ஒன்றுமே செய்யாது. மருந்து கொடுத்தும் அரிசித் துணுக்கு நிற்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மருந்தில் குறையில்லை, ஆள் மாறிப்போயிற்று. நாடாப்புழுவுக்கு நிக்ளோசமைட், பிராசிகுவாண்டல் போன்றவை வேண்டும்.

◆ அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஆகியவை வேறு வழியில் தாக்குகின்றன. புழுவின் செல்களுக்குள் தாங்குகட்டை போல நிற்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது கோக்கவிடாமல் செய்கின்றன. புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் மெதுவாகப் பட்டினியில் சாகும். மெதுவாக என்பதால் ஒரே ஒரு வேளை மருந்து போதாமல் போகலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோழிக்கென்று அனுமதிக்கப்பட்ட ஃபென்பெண்டசோல் திரவத்தின் அளவு, கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 5 நாள். இந்த அளவில் கொடுத்தால் முட்டையைத் தின்ன ஒருநாள்கூடக் காத்திருக்கவேண்டாம் என்று அங்கே அனுமதி இருக்கிறது. இந்த விதியை மற்ற மருந்துக்கு நீட்டக்கூடாது. பைப்பரசினுக்கு அமெரிக்க விதியே வேறு: கொடுத்த பின் 14 நாள் வரை கோழியை அறுக்கக்கூடாது, முட்டை விற்கும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. புட்டியின் சீட்டில் உள்ள காத்திருப்பு நாளைப் படியுங்கள். சீட்டில் இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

◆ பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, அந்த அல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கண்மதிப்பில் உடைத்துக் கோழி வாயில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரைக் கிலோ கோழியும் பதினைந்து கிலோ பிள்ளையும் ஒன்றா? அளவு எடையைப் பொறுத்தது. தராசில் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மில்லியில் சொல்வார்.

◆ வீட்டில் புறாவும் வளர்க்கிறீர்களா? கோழிக்குக் கலந்த அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் தண்ணீரைப் புறா குடிக்கவிடாதீர்கள். புறா இனத்துக்கு இந்த மருந்துகள் நஞ்சாகி, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கோழியும்கூட இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் காலத்தில் ஃபென்பெண்டசோல் அதிகமானால், முளைக்கும் இறகு கோணலாகிவிடும்.

◆ மண்ணிலிருந்து வந்த ஐவர்மெக்டின் பல கோடி மனிதரைக் காப்பாற்றிய மருந்து. அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் சடோஷி ஓமுராவுக்கும் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கேம்ப்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் அது கோழிக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லை. முட்டையில் அந்த மருந்தின் மிச்சம் தங்குகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிய ஊசிமருந்தைக் கோழிக்குப் பகிர வேண்டாம்.

◆ தண்ணீரில் மருந்து கலப்பது அடைத்து வளர்க்கும் கோழிக்குச் சரி. வாசல் தெளித்த தண்ணீர், மாட்டுத்தொட்டி, வாய்க்கால் என்று குடித்துத் திரியும் கோழி உங்கள் மருந்துத் தட்டைத் திரும்பியும் பார்க்காது. அப்புறம், 'மருந்து வைத்தேன், கேட்கவில்லை' என்பதில் பொருளில்லை.

எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கும் முறை இது. முதல்நாள் சாயங்காலம் கோழிகளை எண்ணி அடைத்துவிடுங்கள். இரவில் கூட்டுக்குள் தண்ணீர் வேண்டாம். விடியலில், வெளியே திறந்துவிடும் முன், இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்துத் தீர்க்கும் அளவு தண்ணீரில் மட்டும் மருந்தைக் கலந்து வையுங்கள். நாள் முழுவதற்குமான தண்ணீரில் கலந்தால் பாதி வீணாகும். கோடை வெயிலில் தண்ணீரை நிறுத்திவைக்கும் நேரத்தை நீட்டாதீர்கள். நாலைந்து கோழிதான் என்றால் இதைவிட எளிது: மருத்துவர் சொன்ன அளவைச் சொட்டுக்குழாயில் எடுத்து, அலகைத் திறந்து, நாக்கின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நடுத்தொண்டையில் வேகமாகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அந்தி சாய்ந்து கோழி அடைந்த பிறகு செய்தால் துரத்திப் பிடிக்கும் பாடு இல்லை.

சோற்று உருண்டையில் பிசைந்து போடுவதும் உண்டு. பலம் உள்ள சேவல் நாலு உருண்டையைத் தின்றுவிட்டுப் போகும். மெலிந்த விடைக்கு, மருந்து வேண்டியதே அதற்குத்தான், ஒன்றும் கிடைக்காது.

◆ ரத்தம் கலந்த எச்சமா? அது பெரும்பாலும் புழு இல்லை. காக்சிடியா என்ற ஒரு செல் உயிர் குடல் சுவரைத் தின்னும் ரத்தக் கழிச்சல். அதற்குப் புழுமருந்து உதவாது, மருந்தே வேறு. நாளை கடத்தினால் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

◆ கோழிக் கழிச்சல் என்ற ராணிக்கெட் நோய்த் தடுப்பூசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே புழு நீக்கிவிடுங்கள் என்று கால்நடைத் துறையினர் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. உருண்டைப்புழு உள்ள கோழியிடம் ராணிக்கெட் தடுப்பூசிக்கு எதிர்ப்பாற்றல் சரியாக உருவாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போட்ட ஊசி பலிக்காமல் போனதற்கு ஊசியைக் குறைசொல்லும் முன் குடலைப் பார்க்கவேண்டும்.

◆ குடலின் பின்பகுதியில் இரட்டைப் பை போலத் தொங்குவது பெருங்குடல்வால். அதில் வாழும் ஹெட்டராகிஸ் என்ற புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கோழியை அது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அதன் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு பயணி போகிறது.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஈரலில் வட்ட வட்டப் புண்கள். 'கருந்தலை நோய்' என்றார்கள். 1895-இல் தியோபால்ட் ஸ்மித் இதற்குக் காரணம் ஒரு செல் உயிர் என்று காட்டினார். ஆனால் அந்த மெல்லிய உயிர் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காதே, பின் எப்படி ஆண்டுக்கு ஆண்டு அதே நிலத்தில் திரும்ப வருகிறது? 25 ஆண்டு கழித்து, 1920-இல், கிரேபில் என்பவரும் ஸ்மித்தும் விடையைக் கண்டார்கள். ஹெட்டராகிஸ் புழுவின் முட்டையைத் தின்ற வான்கோழிக்கு அந்த நோய் வந்தது. புழுமுட்டையின் கெட்டியான ஓடுதான் அந்தக் கிருமிக்குக் கோட்டை. அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதை மண்புழு விழுங்கும். மண்புழுவைப் பறவை தின்னும். கிருமி முட்டைக்குள், முட்டை மண்புழுவுக்குள், மண்புழு பறவைக்குள்.

நம்மூரில் இப்போது வான்கோழி வளர்ப்பு பரவியிருக்கிறது. நாட்டுக்கோழியோடு சேர்த்து ஒரே கொட்டகையில் விடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பிரித்து வையுங்கள். கோழி திரிந்த தரையையும் வான்கோழிக்குக் கொடுக்காதீர்கள்.

◆ பினாயில் ஊற்றிக் கழுவினால் புழுமுட்டை செத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஆய்வகங்களில் இந்த முட்டைகளை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுத்தான் பத்திரப்படுத்துகிறார்கள். அமிலத்திலேயே உயிர் காக்கும் முட்டையைப் பினாயில் என்ன செய்யும்? அதற்கு ஆகாதவை மூன்று: நேர்வெயில், உலர்வு, கொதிநீர். உமியோ தேங்காய்நார்க் கழிவோ கடலைத்தோலோ பரப்பியிருந்தால் கிளறிக் கிளறிக் காயவிடுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கட்டியானதை அன்றன்றே அள்ளி எறியுங்கள். கூட்டின் அடித்தளத்தில் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துத் தரைக்கு மேல் உயர்த்திவிட்டால், எச்சம் கீழே விழுந்துவிடும். நாமக்கல் கூண்டின் நன்மையில் இந்த ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

◆ புகையிலைத் தூளைத் தீனியில் கலந்து போடுவது ஒரு காலத்தில் அமெரிக்கக் கோழிப்பண்ணைகளின் வழக்கமான புழு வைத்தியம். நிக்கோட்டின் புழுவை முடக்கியது; அளவு கூடினால் கோழியையும் முடக்கியது.

◆ நம் பக்கத்து மூலிகைகளிலும் உண்மையான புழுக்கொல்லிகள் உண்டு. பொரசு விதையில் புழுவை முடக்கும் பலாசோனின் இருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் ஒரு காலத்தில் நாயின் நாடாப்புழுவுக்கு மேல்நாட்டு மருத்துவமே கையாண்ட மருந்து. மூலிகை என்றாலே கெடுதி செய்யாது என்பது மட்டும் தவறு. 'புழுக்கொல்லி' என்றே பெயர் பெற்ற ஆடுதின்னாப்பாளையில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைச் சேர்த்திருக்கிறது. தின்னப்போகும் கோழிக்கு அதைக் கொடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பூண்டு, வேப்பிலை, பாகற்காய் கொடுக்கிறீர்களா, கொடுங்கள். கொடுத்த பின் புழு குறைந்ததா என்று சோதித்தும் பாருங்கள்.

◆ மருந்தைத் திரும்பத் திரும்பக் குறைந்த அளவில் கொடுத்தால் புழு பழகிவிடும். அமெரிக்க வான்கோழிப் பண்ணைகளில் ஃபென்பெண்டசோலுக்கு அசையாத உருண்டைப்புழு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆட்டுப் புழுக்களிடம் இது உலகெங்கும் பழைய கதை. மாதம் தவறாமல் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றுவது அக்கறை போலத் தெரியும். பத்து ஆண்டு கழித்து யாருக்கும் பயன்படாத மருந்தைத்தான் அது மிச்சம் வைக்கும்.

◆ பொதுவாகத் திரிந்து மேயும் கோழிக்கு முதல் மருந்து 7, 8 வார வயதில். அடுத்து முட்டைக்கு வரும் முன். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை என்பது நம் பருவத்துக்கு நல்ல கணக்கு. இதுவும் தொடக்கக் கணக்குதான். உங்கள் கொல்லையின் உண்மையான கணக்கை எச்சம் சொல்லும்.

◆ எச்சச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உப்பு போதும்! 1921-இல் வில்லிஸ் என்பவர் காட்டிய முறை: இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் எச்சத்தைக் கலக்கி, வடிகட்டிக் கொஞ்ச நேரம் வைத்தால், புழுமுட்டைகள் மிதந்து மேலே வரும். கண்ணாடிச் சில்லில் ஒட்ட வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 1939-இல் சிட்னியின் மக்மாஸ்டர் ஆய்வகத்தில் செம்மறி ஆடுகளுக்காக உருவான எண்ணும் கண்ணாடி அறை, ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை முட்டை என்று சொல்லிவிடும். இன்றும் அதே பெயரில் உலகமெங்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. மருந்துக்கு முன் ஒருமுறை, பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒருமுறை எண்ணிப் பார்த்தால், மருந்து கேட்டதா என்பதில் சந்தேகமே இராது.

◆ விருந்துக்குக் கோழி அறுக்கும் நாளில், குடலை வீசும் முன் கத்தரிக்கோலால் நீளவாக்கில் கீறித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வால்பக்க இரட்டைப் பைகளையும் திறந்து பாருங்கள். ஒரு கோழி, மொத்தக் கூட்டின் நிலைமையையும் சொல்லிவிடும். அந்தக் குடலை மட்டும் மற்ற கோழிகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

◆ கோழி ஒரே நாளில் இரண்டு விதமாக எச்சமிடும். வெள்ளைத் தொப்பி போட்ட கெட்டி எச்சம் அடிக்கடி வருவது. சாக்லேட் நிறத்தில் பிசுபிசுவென்று நாற்றத்தோடு வருவது நாளில் சில தடவைதான். அது பெருங்குடல்வாலிலிருந்து வருவது. பலர் இதைக் கழிச்சல் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், இது நோயில்லை. சோதனைக்குக் கொண்டுபோகும்போது இரண்டும் வேண்டும். ஹெட்டராகிஸின் முட்டை இருப்பது அந்தப் பிசுபிசுப்பில்தான்.

◆ காலையில் கூட்டைத் திறந்ததும், மண் ஒட்டாத புது எச்சமாக ஐந்தாறு இடத்திலிருந்து எடுத்து, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, தேதியும் கோழிகளின் எண்ணிக்கையும் எழுதி, அன்றைக்கே உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். பூச்சி மருந்து வாங்கக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.